சித்தாள் கையில் கரண்டி

குறைந்தபட்சக் கூலி பற்றி அரசாங்கம் வெளியிடும் அறிவிக்கைகளை யாராவது படித்திருக்கிறீர்களா? தொழிலாளியைத் தரம் பிரித்து வைத்திருப்பார்கள். திறன் பெற்றவர், பாதித் திறன் பெற்றவர், திறன் அற்றவர். கட்டட வேலை என்று வந்தால் கொத்தனாரும் தச்சரும் கம்பி கட்டுகிறவரும் மேல் வரிசை. சித்தாள் கடைசி வரிசை. இருபத்தைந்து வருசம் சாந்து சுமந்தவளும் அந்தக் கடைசி வரிசைதான். நேற்றுவரை வயலில் களையெடுத்துவிட்டு இன்றைக்கு முதல் நாள் வேலைக்கு வந்து நிற்கிறவளும் அதே வரிசைதான்.

இருபத்தைந்து வருசம் ஒரே வேலையில் கிடந்த மனுசிக்கு ஒரு திறனும் ஒட்டவில்லை என்று அரசாங்கம் எழுதி வைக்கிறது. அப்படியானால் ஒன்று அவள் மண்ணாங்கட்டியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதினவன் பொய்யனாக இருக்க வேண்டும். அவள் மண்ணாங்கட்டி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

காரைக்காலில் காலை ஆறரை மணிக்கு ஆள் எடுக்கிற முனைகளில் போய் நின்று பாருங்கள். நெடுங்காடு, அம்பகரத்தூர், நிரவி, கோட்டுச்சேரிப் பக்கத்துச் சேரிகளிலிருந்து தூக்குச்சட்டியோடு பெண்கள் வந்து நிற்பார்கள். காவிரித் தண்ணி கடைமடைக்கு வராமல் போன வருசங்களில் வயலைவிட்டுக் கட்டட வேலைக்கு வந்தவர்கள் இவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடுகள் எழும்பியபோது சாந்து சுமந்தவர்கள். சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தை நம்பித் திருநள்ளாற்றில் எழும்பும் லாட்ஜுகளுக்கும், பிரான்சிலிருந்து பணம் வருகிற குடும்பங்கள் எழுப்பும் மாடி வீடுகளுக்கும் கல் தூக்கியவர்கள். இந்த ஊரில் இவர்கள் தலையிலிருந்து இறங்காத சுவர் ஏதாவது உண்டா? ஆனால் இந்த ஊரில் ஒரு பெண் கொத்தனார் என் கண்ணில் பட்டதில்லை.

ஏன் இல்லை? இதுதான் என் கேள்வி. ‘பொம்பளைக்கு வராது’ என்று சொல்லித் தப்பிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொத்தனார் வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பார்த்துப் பழகுவதுதான் என்பார்கள். பள்ளிக்கூடம் உண்டு. அது சுவர்மேல் நடக்கிறது. பெரியாளாகச் சேர்ந்த பையன் கொஞ்ச நாள் கல் எடுத்துக் கொடுப்பான், கலவை போடுவான். கொத்தனார் இரண்டு மூலையிலும் கல் வைத்து, தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் பார்த்து, மூலைக்கு மூலை நூல் கட்டுவார். மூலை நிமிர்ந்துவிட்டால் நடுவில் நூலை ஒட்டிக் கல் அடுக்குவது அத்தனை சிரமமில்லை. சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் ஒரு நாள், ‘டேய், இந்த வரியை நீ ஓட்டுடா’ என்று கரண்டி பையன் கைக்கு வரும். கோணிப்போனால் திட்டுவார், பிரித்து வைக்கச் சொல்வார். மறுநாள் இன்னொரு வரி. அப்புறம் பார்வைக்குப் படாத இடங்களில் பூச்சு வேலை. கக்கூசின் உள்சுவர், பரண் அடி, மாடிப்படிக்குக் கீழே. மணியாஸ் கட்டை கைக்குப் பழகும். அதற்கப்புறம் கூடம், அப்புறம் வெளிச்சுவர், கடைசியில் மூலை. மூலை பிடித்தவன் கொத்தனார். மூன்று நான்கு வருசத்தில் பையன் தனிக் கரண்டி வாங்கிவிடுவான்.

வேலையிடப் பயிற்சி என்று சட்டப் புத்தகங்களில் சொல்வது நம்மூரில் இதுதான். இதற்குக் கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது, இடஒதுக்கீடும் கிடையாது. ஒரே ஒரு தகுதிதான் கேட்கிறார்கள். மூலையில் நிற்கிறவன் உன்னைப் பார்த்து ‘வா’ என்று சொல்ல வேண்டும். யாரைப் பார்த்துச் சொல்வான்? தன் மகனை, மச்சானை, தன் தெருப் பையனை. சேரிப் பையனுக்கு அந்த ‘வா’ வந்து சேரவே தலைமுறைக் காலம் பிடித்தது. சேரிப் பெண்ணுக்கு இன்னும் வரவில்லை.

எங்கம்மா இருபத்தாறு வருசம் சித்தாள் வேலை பார்த்தவர். மணலை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, ‘இது கடக்கரை மண்ணுடி, உப்புக் கரிக்குது, பூச்சு உதுந்துடும்’ என்பார். ரெண்டு செங்கல்லை மோதவிட்டுச் சத்தத்தை வைத்தே வெந்த கல்லா வேகாத கல்லா என்று சொல்லிவிடுவார். தொட்டியில் போட்ட கல்லைக் குமிழ் அடங்குகிறவரைக்கும் எடுக்க விடமாட்டார். நனையாத கல் சாந்திலிருக்கிற தண்ணியைக் குடித்துவிடும் என்று அவருக்கு எந்தப் பொறியியல் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. கட்டுக்கு ஆறுக்கு ஒண்ணு, பூச்சுக்கு நாலுக்கு ஒண்ணு. தண்ணி ஊத்தின கலவை அரைமணிக்கு மேல் கிடந்தால் கெட்டுப்போகும். சுவரைக் கட்டிவிட்டுத் தண்ணி காட்டாமல் விட்டால் வெடிக்கும். கீழே நின்றபடியே, ‘நூலு தொங்குதுங்க கொத்தனாரே’ என்று குரல் கொடுத்துப் பல சுவரைக் காப்பாற்றியவர் அவர்.

அவர் ஒரே ஒரு தடவை உள்பூச்சுக்குக் கரண்டி கேட்டார். அந்த மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னான்: ‘ஒன் கையில கரண்டியக் குடுத்துட்டா அப்புறம் சட்டிய யாரு தூக்குறது?’

அந்த மேஸ்திரி பொய் சொல்லவில்லை. பல பேராசிரியர்களைவிடத் தெளிவாகவே பேசினான். ஒரு கொத்தனார் வேகமாக வேலை செய்ய அவனுக்குக் கீழே மலிவாக ஓர் உடம்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உடம்பு கற்றுக்கொண்டுவிட்டால் மலிவாக இருக்காது. எங்கள் பக்கம் கொத்தனார் வாங்குகிற கூலியில் சித்தாளுக்குப் பாதி வந்தால் பெரிது, அதற்குச் சற்று மேலே வந்தால் அதிசயம். அந்த மிச்சப் பாதியை எடுப்பதற்காகத்தான் அவளுக்குக் கற்றுத்தராமல் இருக்கிறார்கள்.

வெளியே சொல்கிற காரணங்கள் வேறு. பொம்பளை சாரம் ஏறக்கூடாது, சேலை சிக்கிக்கொள்ளும் என்கிறார்கள். தலையில் சட்டியோடு நாள் முழுக்க அதே சாரத்தில் ஏறி இறங்குகிறாளே, அப்போது சிக்காத சேலை கையில் கரண்டி வந்ததும் சிக்கிக்கொள்ளுமா? உடம்பில் வலு இல்லை என்கிறார்கள். கரண்டி கனமா, சாந்துச் சட்டி கனமா? தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கடைசிக் காரணம்தான் உண்மையான காரணம். தீட்டு. வாசக்கால் நிறுத்துகிற அன்று மஞ்சள் குங்குமம் வைத்துப் பூசை போடும்போது சித்தாளை எட்ட நிற்கச் சொல்வார்கள். பெண் என்பதால் ஒரு தீட்டு, சேரி என்பதால் இன்னொரு தீட்டு. அஸ்திவாரத்திலிருந்து தளம் வரைக்கும் அவள் தொட்ட சாந்து. அது காய்ந்ததும் அந்த வீட்டுப் படியில் அவளுக்கு இடமில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம்.

1976இல் சமக்கூலிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அது பின்னால் 2019ஆம் ஆண்டுக் கூலிச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. சொற்கள் மாறினாலும் ‘ஒரே வேலை’ என்கிற அந்த ஓட்டை அடைபடவில்லை. அவளை அந்த ‘ஒரே வேலை’க்குள் விடாமலே வைத்திருந்தால் எந்தச் சட்டமும் உன்னை ஒன்றும் செய்யாது.  கூலி வித்தியாசத்தைப் பற்றி மட்டும் பேசி, கற்றுத்தருவதைப் பற்றிப் பேசாத தொழிற்சங்கங்கள் வாசலை விட்டுவிட்டுச் சன்னலைப் பிடித்துத் தொங்குகின்றன.

1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 1973இல் அதைத் திருத்தி, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் பழகுநர் இடங்களில் ஒதுக்கீடு என்று 3ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சந்தோசம். ஆனால் பழகுநரைக் கட்டாயம் எடுக்க வேண்டிய நிறுவனம் எது? 2019இல் மாற்றிய விதிப்படி முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம். காரைக்காலில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் எத்தனை பேர்? ரெண்டு கொத்தனார், ஒரு பெரியாள், மூணு சித்தாள். நம் சனம் இல்லாத இடத்தில் ஒதுக்கீடு இருக்கிறது. நம் சனம் இருக்கிற இடத்தில் ஒதுக்கீடு இல்லை.

அய்.டி.அய்.யில் கொத்தனார் தொழிலுக்கு ஓராண்டுப் படிப்பு உண்டு. எட்டாவது தேறியிருக்க வேண்டும். அஞ்சாவதோடு நின்றுபோனவள், நின்றுபோகாவிட்டாலும் ஒரு வருசம் கூலியை விட்டுவிட்டுப் படிக்க முடியாதவள், அங்கே எப்படிப் போவாள்?

2015இல் தொடங்கிய பிரதமர் திறன் வளர்ச்சித் திட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவரை வரவழைத்து, கொஞ்ச நேரம் வகுப்பு வைத்து, சோதித்துச் சான்றிதழ் தருவது. ‘முன் கற்றலை அங்கீகரித்தல்’ என்று பெயர். கேட்க அழகாக இருக்கிறது. கரண்டி பிடிக்க விட்டவனுக்குக் கரண்டி பிடித்த சான்றிதழ் கிடைக்கும். சட்டி சுமக்க வைத்தவளுக்கு என்ன கிடைக்கும்? உதவியாள் என்று ஒரு தாள். முன்னே நடந்த திருட்டுக்கு அரசாங்க முத்திரை.

எல்லாவற்றுக்கும் மேலே 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கிய பிரதமர் விசுவகர்மா திட்டம். பதினெட்டுத் தொழில்கள். அதில் கொத்தனார் தொழிலும் ஒன்று. நாளைக்கு 500 ரூபாய் படியோடு அய்ந்து முதல் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி, கருவி வாங்க 15,000 ரூபாய், அய்ந்து சத வட்டியில் முதலில் ஒரு லட்சம், அப்புறம் ரெண்டு லட்சம் கடன். யாருக்கு? குடும்ப வழியாகப் பாரம்பரியத் தொழில் செய்கிற கைவினைஞருக்கு. குரு – சிஷ்யப் பரம்பரையை வலுப்படுத்தவாம். குரு – சிஷ்யன் என்று யாராவது ஆரம்பித்தாலே எங்கள் கட்டைவிரல் கூசுகிறது அய்யா. ஏகலைவனிடம் வாங்கியதை இன்னும் திருப்பித் தரவில்லை.

குடும்பத் தொழிலுக்குத்தான் மரியாதை என்றால் நானும் கேட்கிறேன். என் பாட்டி கல் சுமந்தார், அம்மா சாந்து சுமந்தார், சித்தி மகள் இன்றைக்கும் சுமக்கிறாள். மூன்று தலைமுறை. இதைவிடக் குடும்பத் தொழில் வேறென்ன வேண்டும்? பதினெட்டில் சித்தாள் ஏன் இல்லை?

1953இல் ராஜாஜி சென்னை மாநிலத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்துப் போராடி மறு வருசமே அதைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அது இந்திய நிர்வாகத்துக்குள் வருவதற்கு முன்பே குலக்கல்வி செத்துப்போயிருந்தது. அன்றைக்கு எங்கள் எல்லைக்குள் நுழைய முடியாதது எழுபது வருசம் கழித்து டெல்லியிலிருந்து நேராக வந்திருக்கிறது. 2024 நவம்பரில் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின், குடும்பத் தொழில் என்கிற நிபந்தனையை எடுக்காமல் இதை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று ஒன்றிய அரசுக்கு எழுதினார். குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடும். நாங்கள் மத்திய ஆட்சிப் பகுதி. எங்கள் பெண்கள் காலையில் ஒரு அரசாங்கத்தில் கண்விழித்து, நாகூரில் வேலை பார்த்து, ராத்திரிக்கு வீடு திரும்புகிறவர்கள். எந்த அரசாங்கமும் அவர்களைத் தன் ஆளாக எண்ணுவதில்லை.

இந்தக் குடும்பத் தொழில் சூழ்ச்சி நம் ஊருக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு உறை போடுகிற தொழிலாளர் சங்கம் ஒன்று இருந்தது. உறுப்பினரின் மகனோ நெருங்கிய சொந்தக்காரனோ ஆக இருந்தால்தான் உள்ளே சேர்ப்பார்கள். உள்ளே இருந்தவர்கள் வெள்ளையர்கள். ஆக, கறுப்பருக்கு இடமில்லை என்று எங்கேயும் எழுதாமலே கறுப்பரை வெளியே நிறுத்த முடிந்தது. 1969இல் நீதிமன்றம் அந்த விதியை உடைத்தது. அதே வருசம் பிலடெல்பியாத் திட்டம் வந்தது. அரசுப் பணத்தில் கட்டடம் கட்டுகிற ஒப்பந்தக்காரர் திறன் தொழில்களில் இத்தனை கறுப்பரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1978இல் கட்டட வேலை நேரத்தில் 6.9 சதம் பெண்களுக்கு என்று இன்னொரு இலக்கு. இதற்கெல்லாம் அடித்தளமாக இருந்த 1965ஆம் ஆண்டு ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ரத்துசெய்தார். அவர்களுக்குத் தெரிகிறது, சண்டை எந்த இடத்தில் என்று. நமக்குத்தான் தெரியவில்லை. கருஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியவர்களின் வாரிசுகள் நாம். அங்கே கறுப்பர்கள் கரண்டிக்காக நடத்திய சண்டையையும் நாம் படிக்க வேண்டும்.

கற்றுத்தர முடியாது என்பதும் பொய். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் திறன் சோதனையில் தேற வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டிலேயே மையங்கள் இருக்கின்றன. டெல்டாப் பையன்கள் தாலி நகையை அடகு வைத்துப் போய்ச் சேர்கிறார்கள். டைல்ஸ் ஒட்டவும் பூசவும் கம்பி கட்டவும் சில மாதங்களில் பழக்கிச் சோதனைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்னிய நாட்டு முதலாளிக்குத் தேவை என்றால் சில மாதத்தில் வருகிற வித்தை, சேரிப் பெண்ணுக்கு மட்டும் இருபத்தாறு வருசத்திலும் வராதா? ஜார்கண்டில் 2018 வாக்கில் கழிப்பறை கட்டக் கொத்தனார் போதவில்லை. ஊர்ப்பெண்களுக்கே கற்றுக்கொடுத்தார்கள். ‘ராணி மிஸ்திரி’ என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. தேவை வந்தால் எல்லாம் வரும். நாம்தான் அந்தத் தேவையை உண்டாக்க வேண்டும்.

பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். 1996 சட்டங்களின்படி கட்டடச் செலவில் ஒரு சதத்தைத் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கத் தொடங்கினார்கள். 2018 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது நாடு முழுக்க 37,400 கோடிக்கு மேல் வசூலாகியிருந்தது. செலவானது சுமார் 9,500 கோடி. மிச்சம் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டன. தொகுப்பு எதுவானாலும் அந்தப் பணம் எங்கள் பெண்கள் தலையிலிருந்து இறங்கிய பணம்.

ஆகவே எங்கள் கோரிக்கையை நேராகச் சொல்கிறேன். பயிற்சிக்கான தகுதியைத் தொழிலாளியிடம் கேட்காதே, ஒப்பந்தக்காரனிடம் கேள். காரைக்காலில் பொதுப்பணித்துறையும் நகராட்சியும் கொம்யூன் பஞ்சாயத்துகளும் விடுகிற ஒவ்வொரு டெண்டரிலும், எத்தனை சித்தாளுக்குக் கற்றுத்தந்தாய் என்று ஒரு நிபந்தனை வை. யார் கையில் எத்தனை மணி நேரம் கரண்டி இருந்தது என்று வருகைப் பதிவேட்டில் எழுது. எழுதாதவனுக்குப் பில் பாஸ் பண்ணாதே. கற்றுக்கொள்கிற மாதங்களில் அவள் கூலி குறையாமல் நல வாரியப் பணத்திலிருந்து கொடு. கற்றுத்தருகிற கொத்தனாருக்கும் அதற்கென்று தனியாகக் கொடு. அவன் வயிற்றில் அடித்து எங்களுக்குச் சோறு வேண்டாம். பழகுநர் சட்டத்தின் ஒதுக்கீட்டை மேஸ்திரியின் ஆறு பேர் கூட்டம் வரைக்கும் இறக்கு. நூல் பிடித்துச் சுவர் ஓட்டத் தெரிந்ததும் அவள் அட்டையில் இருக்கிற ‘சித்தாள்’ என்கிற சொல்லை அடித்துவிட்டுக் ‘கொத்தனார்’ என்று எழுது.

இது அரசாங்கத்துக்கு. இனி நம் ஆட்களுக்கு.

இன்றைக்குச் சேரிகளில் நல்ல கொத்தனார்கள் இருக்கிறார்கள். மேஸ்திரிகளும் வந்துவிட்டார்கள். ஏப்ரல் 14 அன்று நீலத்துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறார்கள். சாதி என்பது உழைக்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைக்கிற ஏற்பாடு என்று அம்பேத்கர் வாதாடியதை மேடையில் கேட்டுக் கைதட்டுகிறார்கள். மறுநாள் காலையில் தன் பெண்டாட்டியையும் தங்கச்சியையும் சட்டி தூக்க வைத்துவிட்டு, தான் சுவர்மேல் நிற்கிறார்கள். அண்ணே, உங்களுக்குக் கரண்டி தராமல் வைத்திருந்தவன் என்ன காரணம் சொன்னானோ அதே காரணத்தைத்தான் இன்றைக்கு நீங்கள் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்கிறீர்கள். அவன் சாதித்திமிரில் சொன்னான். நீங்கள் எந்தத் திமிரில் சொல்கிறீர்கள்?

எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்தாளின் வியர்வையைப் பற்றி நிறையக் கவிதை வந்துவிட்டது. அவள் கூலி அதனால் ஒரு ரூபாய் கூடவில்லை. நாலுக்கு ஒண்ணு, ஆறுக்கு ஒண்ணு என்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் அவள் வாயால் கேட்டு எழுதுங்கள். அது ஒரு தொழிலறிவு என்று ஊருக்குச் சொல்லுங்கள். மாணவத் தோழர்கள் உங்கள் கொம்யூனில் போன வருசம் விட்ட டெண்டர்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பயிற்சி என்கிற சொல் அவற்றில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள்.

கொத்தனார் அண்ணன்களே, நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிறீர்கள். மூலையை நீங்களே நிமிர்த்துங்கள், நூலையும் நீங்களே கட்டுங்கள். கீழே சட்டியோடு நிற்கிறவளைப் பார்த்து, ‘இந்த வரியை நீ ஓட்டு தாயி’ என்று சொல்லுங்கள். கோணிப்போனால் பிரித்துக் கட்டலாம். உங்கள் முதல் வரியும் கோணலாகத்தான் போனது.